டெக் லீடை ஏஜென்சியின் பேச்சை நம்பி எடுக்காதீர்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், ஹோட்டல்களுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் சிறிய கம்பனி நடத்துகிறேன். ஐந்து பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களை வழிநடத்த டெக் லீட் ஒருவர் வேண்டும். கொழும்பு ஏஜென்சி ஒன்று பத்து வருட அனுபவமுள்ள ஒருவரைக் காட்டுகிறது. எனக்குக் கோட் எழுதத் தெரியாது. ஆளை எப்படிக் கணிப்பது?

பதில்: உங்களுக்குக் கோட் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா என்பதுதான் முதல் பரீட்சை. இப்படிக் கேளுங்கள்: நிலாவெளி ஹோட்டலில் ஒரே அறைதான் மிச்சம். இரண்டு பேர் ஒரே நொடியில் புக் பண்ணுகிறார்கள். என்ன நடக்கும்?

"அறை காலியா என்று பார்த்துவிட்டுப் பதிவோம்" என்றால் போதாது. பார்க்கும் நொடியில் இருவருக்குமே காலி என்றுதான் காட்டும், இரண்டு பதிவும் விழுந்துவிடும். வரவேற்பு மேசையில் பதிவுப் புத்தகம் ஒன்றுதான், ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் அதைத் தொட முடியாது. அதே தடையை, ஒரு பூட்டுப் போல, பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸிலேயே போட வேண்டும். நல்ல ஆள் இதை இந்தளவு எளிதாகச் சொல்வார். சொல்லிவிட்டு, "காசு கட்டாமல் இருப்பவருக்காக அறையை எத்தனை நிமிடம் பிடித்து வைப்பது?" என்று உங்களிடமே கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் ஆள் சரி.

அப்புறம் ஒரு நாள் கூலி கொடுத்து, உங்கள் பிள்ளை ஒருவரின் கோட் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பிழையை விளங்கப்படுத்துகிறாரா, கீபோர்டை இழுத்துத் தானே திருத்துகிறாரா என்று கவனியுங்கள்.

ஏஜென்சி விஷயத்தில் கவனம். ஒரு தடவை எனக்கு வந்த மூன்று சுயவிவரக் கோவைகளில் ஒரே பந்தி, அதே எழுத்துப்பிழையுடன் இருந்தது. கமிஷனில் பாதியைத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகே கொடுப்பதாக எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுங்கள். "ஆலோசகர் என்று போட்டால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டத் தேவையில்லை" என்றும் சொல்லித்தருவார்கள், கேட்காதீர்கள். ஊழியரென்றால் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈடிஎஃப்) நீங்கள் இன்னும் 3 வீதம். சம்பளம் பேசும்போதே அந்த 15 வீதத்தையும் கணக்கில் எடுங்கள். டொமைன், சர்வர், கோட் சேமித்து வைக்கும் கிட்ஹப் கணக்குகள் கம்பனியின் பெயரிலேயே இருக்கட்டும்.

வெளியாள் தேவைப்படாத நிலையும் ஒன்று உண்டு. சிக்கல் வந்தால் மற்ற நால்வரும் யாருடைய மேசைக்குப் போகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். எப்போதும் ஒருவரிடமே போனால், அவர்தான் உங்கள் லீட். வயதில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை, வேகமாக எழுதுபவராகவும் இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அதிகம் பேசாத பிள்ளையாக இருக்கும். அவருடைய கோட் வேலையைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் கெடும். சம்பளத்தையும் அன்றே கூட்டுங்கள். பெரிய சிக்கல்களுக்கு மாதம் சில மணித்தியாலம் அனுபவசாலி ஒருவரைத் தொலைவிலிருந்து பேச வைத்தால் போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்த பிள்ளைகள் நம் கண்முன்னே கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறார்கள். நாமோ "பத்து வருட அனுபவம்" என்று விளம்பரம் போடுகிறோம். அந்தப் பத்து வருடத்தை இங்கே யார் கொடுப்பது?

அறைக் கேள்வியை முதலில் அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஏஜென்சிக்குப் பதில் அப்புறம் போடலாம்.