செலவழிக்கும் நாளையும் குறித்து வையுங்கள்

வணக்கம் அக்கா,

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரருக்கு ஒரு தனியார் கம்பெனியில் 38,000 சம்பளம், நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து மாதம் ஆறாயிரம் போலச் சம்பாதிக்கிறேன். பெண் ஏழாவது, பையன் மூன்றாவது. நாலு வருஷத்துக்கு முன் மாமனார் 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தவறிப்போனார். மூணே முக்கால் லட்சம் ஆனது. என் நகையை வைத்தோம், வெளியிலும் வாங்கினோம். அந்தக் கடனை அடைத்து நகையை மீட்டது போன தை மாதம்தான். அப்படி இழுத்துப் பிடித்துப் பழகியதாலோ என்னவோ, கடன் முடிந்த பிறகும் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. மாதச் செலவு 29,000-க்கு மேல் போக விடுவதில்லை. இப்போது கையில் 1,12,000 இருக்கிறது. ஓட்டலுக்குப் போவதில்லை, பிறந்தநாள் கேக் வீட்டிலேயே செய்கிறேன், என் கண்ணாடியை மாற்றியே மூன்று வருஷம் ஆகிறது.

போன மாதம் நாத்தனார் குடும்பம் துபாய் போய் வந்தது, இஎம்ஐயில். அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு என் பெண், "நம்ம எங்கயுமே போக மாட்டோமாம்மா?" என்றாள். வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும், "உங்கம்மா காசைப் பூட்டி வெச்சுட்டுச் சாவியை முழுங்கிட்டா" என்று சொல்லிச் சிரித்தார். அன்று இரவு தூங்கவில்லை. ஒரு டூருக்கு பதினைந்தாயிரம் ஆகும் என்கிறார். அந்தப் பணத்தை எடுக்க நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நான் கஞ்சமா அக்கா?

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கஞ்சம் இல்லை. நாலு வருஷத்தில் மூணே முக்கால் லட்சத்தை அடைத்து நகையையும் மீட்டவரை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. உங்கள் வீட்டுக்காரர் விளையாட்டாகச் சொல்லியிருப்பார், ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னது தப்புதான், அதை அவரிடம் நேராகவே சொல்லுங்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கண்ணாடி மாற்றி மூன்று வருஷம் என்று. தையல் வேலை செய்கிறவர் நீங்கள். ஊசி கோக்கவும் கொக்கி வைக்கவும் கண்தான் முதலீடு. மற்றதெல்லாம் அப்புறம், இந்த வாரமே கண்ணைக் காட்டிக் கண்ணாடியை மாற்றுங்கள். வீட்டில் சிக்கனம் என்று ஆரம்பித்தால் அது முதலில் அம்மாவின் கண்ணிலும் பல்லிலும் முழங்காலிலும்தான் கை வைக்கிறது, நான் பார்த்த எத்தனையோ வீடுகளில் இதே கதைதான், அது மிச்சம் பிடிப்பது ஆகாது, பின்னால் இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டிய பாக்கியாகத்தான் சேர்கிறது.

சரி, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் வருமானம் 44,000, செலவு 29,000, மாதம் 15,000 மிச்சம். டூருக்கு ஆகும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் தொகை உங்கள் ஒரு மாத மிச்சம், அவ்வளவுதான். நெஞ்சு படபடப்பது அந்தப் பதினைந்தாயிரத்துக்காக இல்லை என்றே நினைக்கிறேன். இன்னொரு முறை அப்படி ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தால் என்ன செய்வது என்ற பயம் அது, அந்தப் பத்தொன்பது நாள் இன்னும் உங்களுக்குள் முடியவில்லை. அந்தப் பயம் நியாயமானது. உங்கள் வீட்டுக்காரர் சம்பளம் 21,000-க்கு மேல் இருப்பதால் தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு கிடையாது, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கிடைக்காது. நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பம் உங்களுடையது, கம்பெனியில் குழுக் காப்பீடு எதுவும் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நீங்களே நாலு பேருக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். உங்கள் வயதுக்கு வருஷத்துக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரத்துக்குள் அமையும். 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு ஜிஎஸ்டியும் இல்லை. சுகர், பிரஷர் ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள், ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம், ஆனால் மறைத்தால் கடைசியில் பில் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

கையில் இருக்கிற 1,12,000-ல் மூன்று மாதச் செலவு 87,000-ஐத் தனிக் கணக்கில் போட்டு அதை மறந்துவிடுங்கள். மீதி 25,000-ல் காப்பீடும் கண்ணாடியும். பயணத்துக்கு அதைத் தொட வேண்டாம், வருகிற ஒரு மாத மிச்சமே போதும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டிலும் ஒரு நீளக் கணக்கு நோட்டு உண்டு, அரிசி, பால், பள்ளிக்கூடம் என்று பக்கம் பக்கமாக. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு, "ஊர் பார்க்க". மாதம் பத்து ரூபாய், தேதி போட்டு, பக்கத்தில் ஒரு டிக். அந்தப் பக்கத்தை நாங்கள் மூன்று பிள்ளைகளும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தெருவில் ஐஸ் வண்டி மணி அடிக்கும்போது நாங்கள் கையைப் பிடித்து இழுத்தால் அப்பா திட்ட மாட்டார். "அந்தப் பக்கத்துல இருந்து எடுத்துருவமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். ஐஸ் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் கொஞ்ச நேரம் இருக்கும், ஆனால் நமக்கு இல்லை என்ற நினைப்பு ஒரு நாளும் வந்தது கிடையாது, ஏனென்றால் அந்த ஐஸ் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

1983 மே மாதம் கன்னியாகுமரி போனோம். வள்ளுவர் சிலை அப்போது இல்லை, அது 2000-ல்தான் வந்தது, விவேகானந்தர் பாறைக்குப் படகு மட்டும் உண்டு. கரையில் இறங்கியதும் அப்பா எங்கள் மூன்று பேர் கையிலும் ஆளுக்கு இரண்டு ரூபாய் வைத்து, "இது உங்களோடது, இதுக்குக் கணக்குக் கேக்க மாட்டேன்" என்றார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதுகிற மனிதர் அவர். அண்ணன் பத்து நிமிஷத்தில் தின்று தீர்த்தான். நான் கடை கடையாக ஏறி இறங்கி, சிப்பி ஒட்டிய ஒரு உள்ளங்கையளவு கண்ணாடியை ஒன்றே முக்கால் ரூபாய்க்கு வாங்கினேன். அதில் நாலு சிப்பி உதிர்ந்து போயிற்று, மீதியோடு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கால் ரூபாயை அப்பாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை.

உங்கள் வீட்டில் இல்லாதது அந்தப் பக்கம் ஒன்றுதான். நீங்கள் சேமிக்கிறீர்கள், எதற்காக என்று யாருக்கும் தெரியாது, அதனால் பெண்ணுக்கு அது இல்லாமையாகத் தெரிகிறது, அவள் அப்பாவுக்குப் பூட்டிய பெட்டியாகத் தெரிகிறது. இன்று ராத்திரியே ஒரு நோட்டைப் போட்டு, நாலு பேரும் உட்கார்ந்து, போகும் ஊரையும் தேதியையும் எழுதுங்கள். தேதி ரொம்ப முக்கியம். செலவழிக்கும் நாள் குறிக்காத சேமிப்பை எடுக்க யாருக்கும் மனசு வராது, உங்களுக்கு மட்டும் என்று இல்லை.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கடலும் வேண்டும், கையும் கடிக்கக் கூடாது என்றால் கும்பகோணம் போங்கள், அங்கிருந்து ஒரு நாள் தரங்கம்பாடிக் கடலுக்கும் போய் வரலாம். மே மாதத்து ஊட்டி வேண்டாம், மலர்க் கண்காட்சி நேரத்தில் அறை வாடகையைக் கேட்டால் திரும்பி வந்துவிடத் தோன்றும். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜனசதாப்தி செவ்வாய் தவிர மற்ற நாட்களில் காலையில் ஈரோடு வழியாகத்தான் போகிறது. திருச்சி, தஞ்சாவூர் தாண்டி மதியத்தில் கும்பகோணத்தில் இறக்கிவிடும். உட்கார்ந்து போகும் சாதாரண வகுப்பில் ஆளுக்கு 200 ரூபாய்க்குள்தான். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு இல்லை, அதனால் அந்த அறுபதாவது நாளை நோட்டில் குறித்து, டிக்கெட் போடும் வேலையைப் பெண்ணிடமே கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காலாண்டு விடுமுறையில் போவது நல்லது. அது புரட்டாசியில் வரும். பெரும்பாலான வீடுகளில் புரட்டாசியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் லாட்ஜ்களில் முகூர்த்தக் கூட்டம் இருக்காது, அடைமழையும் அநேகமாக ஆரம்பித்திருக்காது. சனிக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஒப்பிலியப்பன் கோயிலுக்கும் திருநள்ளாற்றுக்கும் வருகிறவர்களால் ஊரே நிறைந்திருக்கும். ஏசி இல்லாத நாலு பேர் அறை 2,000-க்குள் கிடைக்கும், போனில் பேசிவிட்டு, போய் அறையைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இறங்கிய அன்று சாயங்காலம் தாராசுரம். டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், சாதாரண நகரப் பேருந்தென்றால் உங்களுக்கும் பெண்ணுக்கும் டிக்கெட் இல்லை. இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்மண்டபம் கல் சக்கரமும் குதிரைகளுமாகத் தேர் மாதிரியே நிற்கும். அங்கே ஒரு சின்னச் சிற்பம் உண்டு, யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அது எங்கே இருக்கிறது என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை, பிள்ளைகள் தேடட்டும், கண்டுபிடிப்பதற்குள் அந்தக் கோயில் முழுவதையும் பார்த்திருப்பார்கள்.

மறுநாள் மயிலாடுதுறை போய் அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், கட்டுச்சோறு கொண்டுபோவதானால் இந்த ஒரு நாளைக்குத்தான், நல்லெண்ணெய் தாராளமாக விட்டு வீட்டில் புளிக்காய்ச்சல் செய்து எடுத்துப் போனால் லாட்ஜ் பக்கத்தில் வெறும் சாதம் மட்டும் வாங்கிக் கலந்துகொள்ளலாம். மற்ற வேளைகளுக்கு ஓட்டலில் சாப்பிடுங்கள். மூன்று நாளும் பொட்டலத்தையே பிரித்துக்கொண்டிருந்தால் அடுப்படி உங்களோடு டூர் வந்த மாதிரி ஆகிவிடும், நீங்களும்தானே ஊர் பார்க்கப் போகிறீர்கள். பித்தளை டபராவில் வரும் கும்பகோணம் காபியைக் கணக்குப் பார்க்காமல் குடியுங்கள்.

மூன்றாம் நாள் காலையிலேயே தஞ்சாவூர் வந்து பெரிய கோயில். அதற்கும் டிக்கெட் இல்லை, ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள், தரையில் கால் வைக்கவும் முடியாது, அதனால் பதினொரு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் திரும்பி வரும் அதே ரயிலைத் தஞ்சாவூரில் பிடித்தால் இரவுக்குள் ஈரோடு.

ரயில் 1,600, அறை இரண்டு இரவுக்கு 4,000, பஸ் 800, சாப்பாடு 3,000, கைச்செலவு 1,000, பிள்ளைகளுக்குக் கணக்குக் கேட்காமல் கொடுக்க ஆளுக்கு 200. மொத்தம் 10,800. உங்கள் நாத்தனாரைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவர்கள் வருமானம் நமக்குத் தெரியாது. ஆனால் பெண்ணுக்குக் கணக்காகவே காட்டுங்கள், ஒரு லட்சத்தை 16 சதவீத வட்டிக்கு வாங்கி 24 மாதத்தில் கட்டினால் மாதம் 4,900 போல வரும், வட்டி மட்டும் 17,500. அந்த வட்டியில் நீங்கள் நாலு பேரும் கும்பகோணம் போய் வந்து, மீதியில் உங்கள் கண்ணாடியையும் மாற்றிவிடலாம். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

அப்புறம், ஊருக்குத் திரும்பிய மறு மாதமே வங்கியில் மாதம் 1,000 ரூபாய் கட்டும் ஒரு வருஷ ஆர்டி (தொடர் வைப்பு) ஒன்று போட்டு, அடுத்த ஊரின் பெயரைப் பையனை எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் நோட்டைக் கொடுத்து மாதா மாதம் டிக் போடும் வேலையை அவருக்கே விட்டுவிடுங்கள்.

தாராசுரத்தில் அந்த யானையை முதலில் கண்டுபிடித்தது யார் என்று எழுதுங்கள். பையனாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, அவன் உயரத்துக்குத்தான் அது சரியாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா