சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய்க் கட்டி பட்டினியில் செத்துவிடுமா?

சாகாது. நோயாளிதான் இளைத்துப்போவார். ஆனாலும் இப்படிக் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. வாட்ஸ்அப் புரளிதான், ஆனால் அதற்கு அடியில் நிஜமான உயிர்வேதியியல் ஒன்று இருக்கிறது.

நான் புற்றுநோய் உடலில் எங்கே இருக்கிறது என்று படமெடுக்கும் பெட் ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியன். எங்கள் பிழைப்பே கட்டியின் சர்க்கரைப் பசியை நம்பித்தான். நாங்கள் ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி, குளுக்கோஸில் ஓர் இடத்தில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்திய பொருள். செல் அதைக் குளுக்கோஸ் என்று நினைத்து உள்ளே இழுக்கும். ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பிறகு மேற்கொண்டு உடைக்கவும் முடியாது, எளிதில் வெளியே வரவும் முடியாது. எங்கே அதிகம் தேங்குகிறதோ அந்த இடம் படத்தில் பளிச்சிடும்.

"ஏம்ப்பா, கேன்சர் உடம்புல சர்க்கரையையே ஏத்துறீங்களே, வளர்ந்துடாதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஏற்றுவது ஒரு சீனிப் பருக்கின் எடைகூட வராது. அதைவிட எங்களுக்குக் கவலை தருவது, காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு நேரே வந்துவிடுகிறவர்கள்தான். இன்சுலின் சொன்னதும் தசைகள் எஃப்டிஜியையெல்லாம் இழுத்துக்கொள்ளும், படம் கெட்டுப்போகும். கட்டி அப்படி யார் சொல்லுக்கும் காத்திருப்பதில்லை. (பளிச்சிடுவதெல்லாம் புற்றுநோயும் இல்லை. மூளை எப்போதும் பளிச்சிடும், காசநோய் நெறிக்கட்டும் பளிச்சிடும். ரிப்போர்ட் வருவதற்குள் படத்தைப் பார்த்து அழ வேண்டாம்.)

இந்தப் பசியை முதலில் அளந்தவர் பெர்லினில் இருந்த ஓட்டோ வார்பர்க். 1920களில் எலிக் கட்டிகளின் துண்டுகளை வைத்துப் பார்த்தபோது, ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளின. முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் 2தான். குளுக்கோஸை முழுதாக எரிக்க உதவும் செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியா பழுதானதால்தான் இப்படி, அதுவே புற்றுநோயின் மூலம் என்று அவர் முடிவுகட்டினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை, பெரும்பாலான கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. "புற்றுநோயின் காரணத்தைக் கண்டுபிடித்து நோபல் வாங்கியவர்" என்று சுற்றும் செய்தியும் தவறு. 1931இல் அவருக்குப் பரிசு கிடைத்தது செல் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு.

பிறகு ஏன் இந்த ஊதாரித்தனம்? வீடு கட்டுகிறவன் கையிலுள்ள மரத்தையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டால் உத்தரத்துக்கு என்ன செய்வான்? பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது, சரக்கும் வேண்டும். குளுக்கோஸின் கார்பனிலிருந்துதான் டிஎன்ஏவுக்கான சர்க்கரையும், செல்சவ்வுக்கான கொழுப்பும், சில அமினோ அமிலங்களும் உருவாகின்றன.

சாதாரண செல் இதையெல்லாம் 'வளர்' என்ற உத்தரவு வந்த பிறகுதான் செய்யும். பிஐ3கே, மிக் போன்ற மரபணுக்கள் கெட்டுப்போனால் அந்த உத்தரவு ஓயாமல் ஒலிக்கும். ஆகவே பெரும்பாலும் மரபணுக் கோளாறு முன்னால், சர்க்கரைப் பசி பின்னால். விதிவிலக்கும் உண்டு. சில மூளைக் கட்டிகளிலும் ரத்தப் புற்றுநோய்களிலும் ஐடிஹெச் என்ற வளர்சிதைமாற்ற நொதியே திரிந்து, இயல்பில் மிகச் சொற்பமாக இருக்கும் ஒரு பொருளைக் குவிக்கிறது. அது மரபணுக்களின் மேலுள்ள குறிகளைக் குழப்பிச் செல்லை முதிரவிடாமல் தடுக்கிறது. இந்த நொதியைத் தடுக்கும் ஐவோசிடெனிப் மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கழிவாக வரும் லாக்டிக் அமிலமும் சும்மா இருப்பதில்லை. சுற்றுப்புறத்தைப் புளிக்கவைத்துக் கட்டி பக்கத்துத் திசுவில் பரவ உதவுகிறது. கட்டியை எதிர்க்க வரும் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். கட்டி அதைப் பிடுங்கிக்கொள்வதோடு அமிலத்தாலும் அவற்றை முடக்குகிறது.

இப்போது தட்டுக்கு வருவோம். கட்டி செல்கள் பெரிதும் நம்பியிருக்கும் க்ளூட்-1 என்ற வாசலுக்கு இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் சாதாரணமாக இருக்கிற சர்க்கரையே அதற்கு ஏறக்குறைய போதும். நீங்கள் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினாலும், சோற்றையே நிறுத்தினாலும், கல்லீரல் தசைப் புரதத்தைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்து அந்த அளவைக் காப்பாற்றும். கீமோவில் ஏற்கெனவே எடை குறைகிறவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

உணவுக்கும் புற்றுநோய்க்கும் உண்மையான பாலம் இன்சுலின் என்பது என் எண்ணம். உடல் பருமனிலும் இரண்டாம் வகை நீரிழிவிலும் இன்சுலின் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருக்கும், அதுவும் ஒரு 'வளர்' உத்தரவுதான். கல்லீரல், கணையம், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் இவர்களிடம் அதிகம். அதற்காகச் சுகர் மாத்திரையைப் புற்றுநோய்க்கு விழுங்க வேண்டாம். நீரிழிவு இல்லாத 3,600க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளிடம் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைச் சோதித்து 2022இல் வெளியான முடிவில், நோய் திரும்புவது குறையவில்லை.

உணவு மருந்துக்குத் துணைபோகும் இடமும் உண்டு. முன்னால் சொன்ன பிஐ3கேயின் உத்தரவைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகள் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், கூடவே இன்சுலினும் ஏறி மருந்தின் வேலையைக் கெடுக்கும். 2018இல் வந்த ஓர் எலி ஆய்வில், மாவுச்சத்தை ஏறக்குறைய நீக்கிய கீட்டோ உணவு கொடுத்ததும் அந்த மருந்து நன்றாகப் பிடித்தது. அதே ஆய்வில் மருந்தில்லாமல் கீட்டோ மட்டும் தின்ற ரத்தப் புற்றுநோய் எலிகளுக்கு நோய் வேகமெடுத்தது. அதனால் கீட்டோவில் இறங்க நினைப்பவர்கள், என்ன மருந்து ஓடுகிறது என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.