‘தப்பு அவங்க மேல’ என்று நிரூபிப்பது எப்படி? கேள்வி பதில்

விபத்தில் அடிபட்டு இழப்பீடு கேட்க நினைப்பவர்களின் கேள்விகளில், எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபிப்பது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். நான் சொல்வது முந்தைய தீர்ப்புகளைப் பின்பற்றும் ஆங்கிலேயப் பொதுச்சட்ட வழியில் வந்த நீதிமன்றங்களில் பொதுவாக எடுபடும் விஷயங்கள்.

கேள்வி: கடையில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவர்கள் இடத்தில் விழுந்தேன் என்பதே போதாதா சார்?

போதாது. விழுந்தது உண்மை, எலும்பு உடைந்ததும் உண்மை. ஆனால் கடைக்காரர் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டார் என்று நீங்கள்தான் காட்டியாக வேண்டும். தண்ணீர் எப்படி வந்தது, எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்பதில்தான் வழக்கே நிற்கும். நீங்கள் விழுவதற்கு அரை நிமிடம் முன்னால் வேறொரு வாடிக்கையாளர் பாட்டிலைக் கவிழ்த்திருந்தால் கடையைக் குறை சொல்வது கஷ்டம். அரை மணி நேரமாகத் தேங்கிக் கிடந்து, ஊழியர்களே அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் கதையே வேறு.

அதைச் சொல்லக்கூடியது சிசிடிவி. பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து பதிவு வேண்டும் என்று குறிப்பிடுங்கள். விழுந்த காட்சியை மட்டும் கேட்டால் அந்தப் பத்து விநாடிதான் கையில் வரும். அப்புறம், தரை துடைத்த நேரத்தை ஊழியர்கள் குறித்து வைக்கும் தாள் ஒன்று பல கடைகளில் இருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள். காலை முதல் மாலை வரை எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல இருந்தால் உங்கள் வக்கீல் சந்தோஷப்படுவார்.

அன்றைக்குப் போட்டிருந்த செருப்பைக் கழுவாமல், திரும்பப் போடாமல், ஒரு பையில் எடுத்து வையுங்கள். ‘தேய்ந்த செருப்பு’ என்று எதிர்த்தரப்பு ஆரம்பிக்கத்தான் செய்யும். இன்னொன்று, எல்லாரும் கட்டுப் போட்ட கையைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். கையைப் பற்றி மருத்துவரே எழுதித் தருவார். எச்சரிக்கைப் பலகை இல்லாத அந்தத் தரையை எடுத்தவர்கள் குறைவு.

கேள்வி: காரில் வந்து இடித்தவர், ‘வேணும்னு செய்யல, இப்பதான் ஓட்டப் பழகுறேன்’ என்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். வேண்டுமென்று செய்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. நெட்டில்ஷிப் எதிர் வெஸ்டன் என்ற 1971-ஆம் ஆண்டு ஆங்கிலேய வழக்கில், ஓட்டப் பழகுபவருக்கும் தேர்ந்த ஓட்டுநருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: அப்பாவின் இடுப்பு எலும்பு முறிவு முதல் எக்ஸ்ரேயில் கவனிக்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது நடக்கச் சிரமப்படுகிறார். மருத்துவர் தவறு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் வக்கீல் தயங்குகிறார்?

தவறு தெளிவாக இருப்பது பாதி வழிதான். அந்தப் பாதிக்கும் ஒரு அளவுகோல் உண்டு. அதே துறையின் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரி என்று ஏற்கும் விதத்தில் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்பது 1957-இல் வந்த போலம் தீர்ப்பின் சாரம். அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்று 1997-இல் போலிதோ வழக்கில் சேர்த்தார்கள். ஆக, முறிவு அந்த முதல் படத்திலேயே தெரிகிறதா, சாதாரணத் திறமையுள்ளவர் கண்ணில் பட்டிருக்குமா என்பதை வேறொரு நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் வக்கீல் தயங்குவது அடுத்த பாதிக்காக என்று நினைக்கிறேன். இங்கேதான் நல்ல வழக்குகளே கவிழும். 1960-களில் லண்டனில் ஒரு இரவுக் காவலர் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போனார். மருத்துவர் வந்து பார்க்கவே இல்லை, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவர் இறந்துபோனார். தேநீரில் ஆர்செனிக் என்ற விஷம் கலந்திருந்தது. மருத்துவர் நடந்துகொண்டது கவனக்குறைவுதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் குடும்பம் தோற்றது. உடனே சேர்த்திருந்தாலும் மாற்று மருந்து பலன் தரும் நேரத்துக்குள் கிடைத்திருக்காது, எப்படியும் இறந்திருப்பார் என்பதே காரணம். பார்னெட் வழக்கு என்பார்கள். கேட்கவே மனசு ஒப்பாத தீர்ப்பு, ஆனால் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

எனவே நிபுணரிடம் ‘தவறு நடந்ததா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் இன்றைய நிலை எப்படி இருந்திருக்கும்’ என்று கேளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் எலும்பு இடம் விலகாத முறிவு விலகிய முறிவாக மாறியிருந்தால், சின்ன அறுவை சிகிச்சை பெரியதாக மாறியிருந்தால், அதுதான் உங்கள் வழக்கு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது. எக்ஸ்ரே படத்தையே வாங்குங்கள், செவிலியர் குறிப்புகளையும் சேர்த்து. ‘வலி அதிகம், நிற்க முடியவில்லை’ என்று மூன்றாம் நாள் யாராவது எழுதியிருந்தால் அந்த ஒரு வரி நிறையப் பேசும்.

கேள்வி: கட்டடத்தின் ஓரமாக நடந்தபோது மேலிருந்து ஏதோ விழுந்து தோள்பட்டை முறிந்தது. சாட்சி யாரும் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம். 1863-இல் லிவர்பூலைச் சேர்ந்த பைர்ன் எதிர் போடில் வழக்கில், மாவுக் கிடங்கின் ஜன்னலிலிருந்து பீப்பாய் ஒன்று தெருவில் போனவர் மேல் விழுந்தது. எப்படி விழுந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. யாராவது அஜாக்கிரதையாக இல்லாமல் பீப்பாய் தானாக உருண்டு வராது என்றது நீதிமன்றம். நிகழ்வே பேசும் என்பது இந்த விதி. ஆனால் அந்த இடமும் பொருளும் எதிர்த்தரப்பின் கட்டுப்பாட்டில் இருந்தன என்று நீங்கள் காட்ட வேண்டும். விழுந்த பொருள் எங்கே? அதைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்த வண்டி என் பைக்கை மோதியது. நான் ஹெல்மெட் போடவில்லை. வழக்கு போச்சா?

எங்கே அடி?

கேள்வி: முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தன.

அப்படியென்றால் ஹெல்மெட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் அலட்சியம் இந்தக் காயத்தைக் கூட்டியிருந்தால்தான் இழப்பீட்டில் பிடிப்பார்கள். சீட் பெல்ட் பற்றிய 1975-ஆம் ஆண்டு ஃப்ரூம் எதிர் புட்சர் வழக்கில் இதற்குக் கணக்கே கொடுத்தார்கள். பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25 சதவீதம், குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதம், வித்தியாசமே இருந்திருக்காது என்றால் கழிவே இல்லை. ஆனால் காவல்துறையிடமும் மருத்துவரிடமும் ஹெல்மெட் போட்டிருந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொய் ஒன்று வெளிப்பட்டால் சிக்னலைப் பற்றி நீங்கள் சொன்னதையும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு முன்பே முதுகுவலி உண்டு. ‘பழைய வலிக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்’ என்கிறது இன்சூரன்ஸ் நிறுவனம்.

பழைய வலிக்குத் தர வேண்டாம், அது கூடியதற்குத் தரட்டும். எதிரில் இருப்பவர் எந்த உடம்போடு இருக்கிறாரோ அப்படியேதான் தவறு செய்தவர் ஏற்க வேண்டும் என்பது பழைய விதி. விபத்துக்கு முன்னால் மாதத்துக்கு ஒரு மாத்திரை, பின்னால் தினம் மூன்று என்று மருந்துச் சீட்டுகள் காட்டினால் வாதாட வேண்டியதே குறையும்.

கேள்வி: இடித்தவர் மீதான குற்ற வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. இனி ஒன்றும் கேட்க முடியாதா?

கேட்கலாம். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில், நடந்திருக்க வாய்ப்பே அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும்.

கேள்வி: இன்சூரன்ஸ்காரர்கள் எட்டு மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். காத்திருக்கலாமா மேற்கொண்டு?

பேசட்டும், ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. இங்கிலாந்தில் காய வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. வேறு சில இடங்களில் அதைவிடக் குறைவு. எதிர்த்தரப்பு அரசுத் துறை என்றால் பல இடங்களில் அதற்கு முன்பே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். உங்கள் ஊரில் கடைசித் தேதி என்ன என்று இந்த வாரமே ஒரு வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகைக்கும் பைசல் என்று எழுதிய எந்தத் தாளிலும் அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.