அவர்களே எடுத்துச் சாப்பிடட்டும்: நொறுக்குத் தீனிக் கேள்விகள்

மகனுக்கு நான்கு வயது. பசித்தால் அவனே எடுத்துச் சாப்பிடும்படி பழக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகப் பழக்கலாம். முதலில் ஒரே ஒரு தட்டை ஒதுக்குங்கள். அலமாரி என்றால் அவன் நெஞ்சு உயரத்துக்குள், ஃப்ரிட்ஜ் என்றால் கீழ்த்தட்டு. நாற்காலி போட்டு ஏற வேண்டிய இடம் வேண்டவே வேண்டாம். இரண்டு வகை போதும். ஆறு வகை வைத்தால் எல்லாவற்றிலும் ஒரு கடி கடித்துவிட்டுப் போய்விடுவான்.

புது டப்பா வாங்கும் முன், வீட்டில் இருப்பவற்றை அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கும் டப்பாவைப் பிள்ளைகள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நெம்புவார்கள். மூடி பட்டென்று தெறிக்கும், பாதி தரையில் கிடக்கும். ஓரத்தில் பிடித்து இழுக்க நுனி உள்ள, தளர்வான மூடிதான் சரி. கண்ணாடி வேண்டாம்.

எடுப்பது அவன் இஷ்டம். ஆனால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே மெல்லும்போது தொண்டையில் அடைக்கும் ஆபத்து அதிகம்.

ஆறு வயது மகள், நாள் முழுதுக்கும் என்று வைத்ததைக் காலை பத்து மணிக்குள் காலி செய்துவிடுகிறாள். திட்டியும் பார்த்தாயிற்று.

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். பயப்படாதீர்கள், ஆரம்பத்தில் பலரும் இப்படித்தான். இவ்வளவு நாள் கெஞ்சினால்தான் கிடைத்தது. இப்போது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. நாளைக்கும் இருக்குமா என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

தடுத்தால் ஆசை கூடும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு தின்பண்டத்தை மட்டும் கட்டுப்படுத்திக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டுப்படுத்திய பண்டத்தின் மீதுதான் பிள்ளைகளின் பேச்சும் கேட்பும் அதிகமானது.

அதனால் திட்டுவதை நிறுத்திவிட்டு, நிரப்பும் முறையை மாற்றுங்கள். முழு நாளுக்கும் சேர்த்து வைக்காதீர்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நடுவில் தீர்ந்துபோனால், “டப்பா காலியா? சரி, மாலையில் நிரப்புறேன்” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அந்தக் குரலில் கண்டிப்பும் வேண்டாம், கேலியும் வேண்டாம். என்ன, எப்போது, எங்கே என்பதை முடிவு செய்வது உங்கள் வேலை. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவள் வேலை. நிரப்பும்போதே உங்கள் முறை முடிந்துவிட்டது. அப்புறம் எட்டிப் பார்த்து எண்ணக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவளுக்கு நிஜமாகவே பசியாக இருக்கலாம். காலை உணவு பேருக்குத்தான் என்றால் பத்து மணிக்கு வயிறு கூப்பிடத்தான் செய்யும். அதில் முட்டையோ தயிரோ சேர்த்துப் பாருங்கள். டப்பாவிலும் வெறும் பிஸ்கட்டோடு நிறுத்தாமல் சீஸ், பழம் என்று ஏதாவது சேருங்கள்.

நறுக்கிய ஆப்பிள் கறுத்துவிடுகிறது, பிள்ளைகள் தொடுவதில்லை.

பழத்திலுள்ள நொதி காற்றுப் பட்டு வேலை செய்வதால் வரும் நிறம் அது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் நிறம் மாறத் தாமதமாகும். லேசான உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு, அலசி எடுத்தாலும் சரி. நறுக்கிய பழத்தை பிஸ்கட் டப்பாவில் மட்டும் போடாதீர்கள், ஈரம் ஏறி பிஸ்கட் நமத்துப்போகும்.

பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு இரண்டு. இருவருக்கும் ஒரே தட்டு வைக்கலாமா?

கூடாது. முழு பாதாம், வேர்க்கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை எல்லாம் நான்கு வயதுக்குள் தொண்டையை அடைக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுக்கலாம். இரண்டு வயதுக்கு முழுச் சுதந்திரம் சீக்கிரம். நீங்கள் நீட்டும் இரண்டு கிண்ணத்தில் ஒன்றை அவள் தேர்ந்தெடுத்தால் போதும்.

பெரியவனுடைய டப்பா மேல்தட்டில் இருக்கட்டும், அவன் மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். சோபா இடுக்கில் விழுந்த ஒற்றைக் கடலையை முதலில் கண்டுபிடிப்பது தவழ்ந்து திரியும் சின்னதுதான்.

எது வெளியே இருக்கலாம், எது ஃப்ரிட்ஜில்?

காய்ந்தது வெளியே, ஈரமானது உள்ளே. தயிர், சீஸ், வேகவைத்த முட்டை, நறுக்கிய பழம் இவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஓட்டோடு வேகவைத்த முட்டை ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

நொறுக்குத் தீனி தின்றுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை.

சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே “தட்டு மூடியாச்சு” என்று ஒரு வழக்கம் வையுங்கள். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும். பல்லுக்கும் இது நல்லது. மாவும் சர்க்கரையும் வாய்க்குள் போகிற ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலம் சுரக்கும். அரை மணிக்கு ஒன்றாகக் கொறித்தால் பல் எனாமலுக்கு ஓய்வே கிடைக்காது.

சிப்ஸ், சாக்லேட்டை எங்கே ஒளித்து வைப்பது?

எங்கே வைத்தாலும் கண்டுபிடிப்பார்கள். பெரிய பாக்கெட் வாங்காமல் இருப்பதே வழி. வாங்கின அன்று கொஞ்சத்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். காய் சாப்பிட்டால்தான் சாக்லேட் என்று பேரம் பேசினால், காயின் மதிப்பு இன்னும் இறங்கும்.

எல்லாம் சரி. பிள்ளைக்கு வைத்ததை அவன் அப்பா காலி செய்கிறாரே?

அவருக்கும் ஒரு டப்பா வையுங்கள். பெயர் எழுதி.