தூண்டில் கேள்வி பதில்: இலையுதிர்காலத்தில் பார்பெல், பைக் மீன்கள்

கேள்வி: கோடை முழுவதும் இங்கிலாந்தின் ட்ரென்ட் ஆற்றில் பார்பெல் (ஆற்றின் அடியில் இரை தேடும் மீசையுள்ள மீன்) நன்றாக அகப்பட்டது. அக்டோபர் பிறந்தபின் ஒரு வாரம் கிடைக்கிறது, மறுவாரம் கடியே இல்லை. இரையை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா? (வாசகர், நாட்டிங்ஹாம்)

பதில்: இரண்டையும் மாற்றுமுன் ஒரு வெப்பமானியை நூலில் கட்டி ஆற்றில் இறக்கிப் பாருங்கள். பார்பெலின் பசி நீரின் சூட்டைப் பொறுத்தது. 10 பாகை செல்சியசுக்கு மேல் அது தாராளமாக இரை தேடும். 6 பாகைக்குக் கீழே போனால் பெரும்பாலும் அடியில் அசையாமல் கிடக்கும். ஆனால் அந்த எண்ணைவிட, சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். தெளிந்த வானமும் உறைபனியுமாகச் சில இரவுகள் கழிந்து 13 பாகையிலிருந்து 9 பாகைக்கு இறங்கிவிட்ட ஆற்றில், எவ்வளவு நல்ல இரையைப் போட்டாலும் மீன் வாய் திறக்காது. அதே ஆறு 7 பாகையில் கிடந்து, தென்மேற்கிலிருந்து வீசும் மிதமான காற்றும் மழையும் சேர்ந்து 9 பாகைக்கு ஏறினால், அன்று மாலை வேறு எந்த வேலை இருந்தாலும் ஒத்திவைத்துவிட்டுப் போகலாம்.

இலையுதிர்காலத்தின் முதல் வெள்ளத்தைக் கண்டு பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மழைநீர் கரையை அரித்துக்கொண்டு வரும்போது புழுக்களும் பூச்சிகளும் ஆற்றில் சேர்கின்றன. நீர் கலங்கியிருப்பதால் பகல் வெளிச்சத்திலும் பார்பெல் அச்சமின்றி மேயும். நடு ஆற்றின் வேகத்தை எதிர்த்து நிற்பது அதற்கும் வீண் உழைப்பு என்பதால் கரையோரமாக ஒதுங்கும். வேகமான நீரும் மந்தமான நீரும் உரசிக்கொள்ளும் கோடு நீர்ப்பரப்பில் கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டின் உட்புறத்தில், உங்கள் காலடியிலிருந்து சில அடி தொலைவில் இரை கிடந்தால் போதும். அங்கே வீசினால் இன்னொரு தொல்லையும் குறையும்: நடு ஆற்றில் மிதந்துவரும் இலைகள் தூண்டில் நரம்பில் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து ஈயத்தை இழுத்துப்போவது இந்தப் பருவத்தின் பெரிய தலைவலி. கோலின் நுனியை உயர்த்தி வைத்து, நீருக்குள் இருக்கும் நரம்பின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரையைப் பொறுத்தவரை, கலங்கலில் மணம்தான் வழிகாட்டி. டின்னில் அடைத்த பன்றி இறைச்சித் துண்டும் ஹாலிபட் பெல்லட்டும் (மீன் மணமுள்ள தீவன உருண்டை) போதும். கோடையில் வாரி இறைத்ததுபோல் இப்போது இறைக்காதீர்கள். வயிறு நிறைந்த மீன் உங்கள் முள்ளில் இருப்பதைத் தேடி வராது.

கேள்வி: ஓர் உரிமத்துக்கு இரண்டு கோல்கள் அனுமதி உண்டே. ஒன்றைப் பார்பெலுக்கும் மற்றதைப் பைக் என்ற வேட்டை மீனுக்கும் ஒரே நேரத்தில் போடலாமா? (வாசகர், ரெடிங்)

பதில்: சட்டம் தடுக்கவில்லை, நான் தடுப்பேன். பார்பெல் மெல்லக் கொறித்துப் பார்க்கும் மீன் அல்ல. நுனி இரண்டு முறை தட்டுவதுபோல் ஆடும், அடுத்த கணம் கோல் முழுவதும் வளைந்து தாங்கியிலிருந்து எகிறிவிடும். நீங்கள் பத்தடி தள்ளிப் பைக்கின் வாயில் முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தால், கோல் ஆற்றோடு போய்விடும். நரம்பையும் கோலையும் இழுத்துக்கொண்டு மீன் அலையும். பைக் கோலையும் கவனிக்காமல் விட்டால், மீன் இரையை விழுங்கி முள் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

எதைத் தேடுவது என்பதை ஆற்றின் நிறத்தைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். கலங்கி, சூடு ஏறிவரும் நாள் பார்பெலுக்கு. வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்து, குளிர் இறுகிய நாள் பைக்குக்கும் பெர்ச்சுக்கும்; இரண்டும் கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை. நீர்ச்செடிகள் மடிந்து மறைவிடம் குறைந்ததும் சிறுமீன்கள் மடுக்களிலும் படகுத்துறைகளிலும் கூட்டமாக அடைகின்றன. வேட்டை மீன்களும் அவற்றின் பின்னாலேயே வந்து நிற்கும். அந்தி வேளையில் சிறுமீன்கள் நீருக்கு மேலே சிதறித் துள்ளினால் கீழே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. ஸாண்டர் என்ற வேட்டை மீன் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் அதன் கண்ணில் இருப்பதால் கலங்கலிலும் இருட்டிலும் அதற்கே மேலாதிக்கம்.

கேள்வி: முதன்முறையாகப் பைக்குக்குப் போகிறேன். அதன் பற்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. (வாசகர், வூஸ்டர்)

பதில்: பயம் நல்லதுதான், ஆனால் மீனுக்கு உங்களால் வரும் ஆபத்தே அதிகம். இரைக்கு மேலே குறைந்தது 45 சென்டிமீட்டர் கம்பி இல்லாமல் தூண்டிலை நீரில் போடாதீர்கள். நைலானை அதன் பற்கள் நொடியில் அறுத்துவிடும், முள் வாயிலேயே தங்கிவிடும். மும்முனைத் தூண்டில் முட்களில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்களைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். தக்கை நகர்ந்தவுடன் நரம்பை இறுக்கி இழுங்கள், காத்திருக்க வேண்டாம். கரையேறியதும் நனைத்த மெத்தையில் கிடத்தி, செவுள்மூடியின் ஓரமாக இரண்டு விரல்களை நுழைத்து, சிவந்த செவுள்களைத் தொடாமல் தாடையெலும்பு வரை நகர்த்திப் பிடித்தால், வாய் தானாகத் திறக்கும். நீண்ட இடுக்கி கையில் இல்லாவிட்டால் அன்று பைக்குக்குப் போகவே வேண்டாம்.

நன்னீர் மீனை இரையாக வைப்பதானால், அது உயிருள்ளதோ செத்ததோ, நீங்கள் தூண்டில் போடும் அதே நீரில் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. கடையில் வாங்கும் கானாங்கெளுத்தி போன்ற கடல்மீனை வைத்தால் அந்தக் கவலை இல்லை.

கேள்வி: பிடித்த பார்பெலைப் படமெடுத்துவிட்டு ஆற்றில் விட்டேன். வயிறு மேலே திரும்பியபடி மிதந்து போயிற்று. என்ன தவறு? (வாசகர், ஹெரிஃபோர்ட்)

பதில்: பார்பெல் தன் வலிமை தீரும்வரை போராடும் மீன், கைவலைக்குள் வரும்போது அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. அந்த நிலையில் நீருக்கு வெளியே வைத்து எடைபோட்டு, பலமுறை படமெடுத்து, பிறகு தூக்கி எறிவதுபோல் விடுவதுதான் கொல்கிறது. வலைக்குள் வந்ததும் வலையோடு நீரிலேயே சில நிமிடங்கள் ஓய்வெடுக்க விடுங்கள். தராசு, மெத்தை, கேமரா எல்லாம் தயாரான பிறகே வெளியே எடுங்கள். விடும்போது தலை நீரோட்டத்தை எதிர்கொள்ளுமாறு, வயிற்றின் கீழே கை கொடுத்து நிமிர்த்திப் பிடித்திருங்கள். செவுள்கள் சீராக அசையும், பிறகு வால் கையைத் தள்ளும்; தள்ளும்வரை விடாதீர்கள், பத்து நிமிடம் ஆனாலும் சரி. முதுகுத் துடுப்பின் முன்முள் ரம்பம்போல் இருப்பதால் நூல்வலையில் சிக்கித் துடுப்பு கிழியும். ரப்பர் பூசிய வலையே ஏற்றது.

இன்னொன்று: வலுவான நரம்பு மீனுக்கும் இரக்கமானது. 10 பவுண்டுக்குக் குறைவான எடையே தாங்கும் நரம்பில் அரைமணி நேரம் ஆட்டம் காட்டுவது திறமை என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: செவர்ன் ஆற்றின் பார்பெல் பழங்காலத்திலிருந்தே அங்கே உள்ளதா? அதைச் சமைத்து உண்ணலாமா? (வாசகர், ஷ்ரூஸ்பரி)

பதில்: இல்லை. பிரிட்டன் ஐரோப்பாவோடு நிலத்தால் இணைந்திருந்த காலத்தில் வந்த பார்பெல், தேம்ஸ், ட்ரென்ட் போன்று கிழக்குக் கடலில் கலக்கும் ஆறுகளில் மட்டுமே இயல்பாக இருந்தது. மேற்கே பாயும் செவர்னில் 1956இல் தேம்ஸின் துணையாறான கென்னட் ஆற்று மீன்களைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் பெருகியது.

உண்பதைப் பற்றி: அதன் சினை நஞ்சு, கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். சதையும் முள் நிறைந்தது. சுவைக்கு முன்னே சட்டம் நிற்கிறது. ஆறுகளில் பிடிக்கும் பார்பெலில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை எடுத்துச்செல்ல முடியாது. பைக்கில் நாளொன்றுக்கு 65 சென்டிமீட்டருக்கு மிகாத ஒன்று மட்டும். அதற்கும் நீர்நிலை உரிமையாளரின் சம்மதம் வேண்டும், பெரும்பாலான சங்கங்கள் அதைத் தருவதில்லை.