யார் பெயரைக் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்கு, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் பெயரை மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பையன் மனக்கணக்கில் புலி. ஆனால் நோட்டில் ஒரு வரி எழுத மாட்டான். அவனைச் சேர்ப்பதா? திறமையுள்ள பிள்ளையை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

செ.

அன்புள்ள செ.,

சேருங்கள். அவனை மட்டுமல்ல, தகுதியுள்ள எல்லாரையும் எழுத வையுங்கள்.

வகுப்பில் நம் கண்ணில் சட்டென்று படுவது நல்ல கையெழுத்தும் அடக்கமும்தான். பின்பெஞ்சில் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளை படுவதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பிரோவர்ட் என்றொரு கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). அங்கே முன்பெல்லாம் மீத்திறன் (மிகத் திறமையுள்ள) பிள்ளைகளுக்கான வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் ஐக்யூ என்ற நுண்ணறிவுச் சோதனை. வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளரிடம் காசு கொடுத்தும் சோதித்துக்கொள்ளலாம். 2005-ல் முறையை மாற்றினார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்குமே, மொழி அதிகம் தேவைப்படாத, படங்களை வைத்த ஒரு சோதனை. அதில் தேறியவர்களுக்கு ஐக்யூ சோதனை. தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஆனாலும் தேர்வான கறுப்பினப் பிள்ளைகள் 80 சதவீதமும் ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகள் 130 சதவீதமும் கூடினார்கள். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்புகளில்தான் இருந்தார்கள், பெயர் சொல்லத்தான் ஆளில்லை. அப்புறம் பணத்தட்டுப்பாடு வந்து திட்டத்தை நிறுத்தினார்கள், பழைய இடைவெளி திரும்பிவிட்டது. (மிச்சம் பிடிக்க வேறு இடமே கிடைக்காது போல!)

சோதனைகூடச் சில நேரம் தவறிப்போகும், அதையும் சொல்லிவிட வேண்டும். 1921-ல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் சுமார் 1,500 மீத்திறன் பிள்ளைகளைத் தேடியெடுத்தார். அவருடைய சோதனையில் தேறாத இரண்டு சிறுவர்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கினார்கள். ஆகவே என்எம்எம்எஸ்ஸில் தேறாத பிள்ளையை மக்கு என்று எழுதிவைத்துவிடாதீர்கள்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், வீட்டின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் என்ற இரண்டையும் பாருங்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். மனத்திறன் தாளில் எண் தொடர், படத் தொடர் மாதிரிதான் வரும். கணினி திருத்தும் ஓஎம்ஆர் விடைத்தாளில் சரியான விடைக்குரிய வட்டத்தை நிரப்பினால் போதும். ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை என்பதை அவனிடம் முதலில் சொல்லுங்கள்.