ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்த போஸ்ட்டாக்: முதல் ஆண்டில் எதைக் கவனிப்பது?

இந்தியாவில் நோயெதிர்ப்பியலில் பிஎச்டி முடித்து, ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ஹூஸ்டனுக்குப் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளராக, வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: புற்றுநோய் இம்யூனோதெரபியில் (உடலின் நோயெதிர்ப்பைக் கொண்டே புற்றுநோயை அடக்கும் சிகிச்சைத் துறையில்) நிலைக்க முதல் ஆண்டில் என்ன செய்ய வேண்டும், பேராசிரியர் வேலையா கம்பெனியா என்பதை எப்போது முடிவு செய்வது?

தம்பி, முதலில் காலக்கணக்கைப் போடுங்கள். ஜே-1 ஆராய்ச்சியாளர் பிரிவில் அதிகபட்சம் 5 ஆண்டுதான். சொந்த லேப் தொடங்க உதவும் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்-இன் கே99 கிராண்டுக்குக் கிரீன் கார்டு வேண்டாம். ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஊரில் செய்த போஸ்ட்டாக்கும் அந்த 4-இல் சேரும், பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். திருத்தி மறுபடி அனுப்புவதும் அதற்குள்தான் நடக்க வேண்டும். அதனால் முதல் விண்ணப்பம் மூன்றாம் ஆண்டுக்குள் போயாக வேண்டும். எந்தப் பாதை என்ற முடிவை இரண்டாம் ஆண்டு கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

வந்த முதல் வாரமே விலங்கு ஆய்வுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். அதை முடித்து, லேப்பின் புரோட்டோகாலில் (அனுமதி பெற்ற விலங்கு ஆய்வுத் திட்டத்தில்) உங்கள் பெயர் ஏறும்வரை எலியைத் தொட முடியாது.

எலிச் சோதனையில்தான் ஆண்டுகள் வீணாகின்றன. எம்சி38 என்ற எலிக் குடல் புற்று செல் லைனின் கட்டி, டி செல்லின் பிரேக்கான பிடி-1-ஐத் தடுக்கும் பிடி-1 ஆன்டிபாடிக்கு ஓரளவு அடங்கும், பி16-எஃப்10 என்ற எலி மெலனோமா (தோல் புற்று) பெரும்பாலும் அடங்காது. ஆகவே கேள்விக்கு ஏற்ற செல் லைனைத் தேர்ந்தெடுங்கள். செல்லை எலிக்கு ஊசி போடுமுன், அதில் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை கட்டாயம். கட்டி 50 முதல் 100 கன மில்லிமீட்டர் ஆனபின் அளந்து, குழுக்களின் சராசரி ஒத்துவரும்படி பிரியுங்கள். ஒரு கூண்டு முழுவதற்கும் ஒரே மருந்து கொடுக்காதீர்கள். கூண்டுத் தோழர்கள் ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்பதால் குடல் நுண்ணுயிர்கள் ஒத்துப்போகும். அந்த நுண்ணுயிர்களே கட்டியின் வளர்ச்சியையும் மருந்தின் பலனையும் மாற்றும் என்று 2015-லேயே சிகாகோ ஆய்வு காட்டிவிட்டது. கூண்டின் வித்தியாசத்தை மருந்தின் வித்தியாசம் என்று எழுதிவிட்டால் அடுத்தவர் கையில் அது திரும்ப வராது.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் ஆன்டிபாடிகளால் செல் வகைகளைப் பிரித்தறியும் முறையில்) எடுத்த எடுப்பில் 20 நிறப் பேனல் வேண்டாம், 10 போதும். கட்டியில் இறந்த செல்கள் நிறைய இருக்கும், அவற்றில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டும். இறந்த செல்லைப் பிரித்துக் காட்டும் உயிர்ப்புச் சாயமும், ஒரு நிறத்தை மட்டும் விட்டுச் சாயமிடும் எஃப்எம்ஓ கன்ட்ரோலும் இல்லாத தரவை நம்பாதீர்கள். இன்னொன்று: பிடி-1 ஆன்டிபாடி கொடுத்த எலியில், அதே இடத்தில் ஒட்டும் குளோனைக் (ஆன்டிபாடி வகையை) கொண்டு சாயமிட்டால் பிடி-1 மறைந்துவிட்டது போலத் தெரியும். வேறு இடத்தில் ஒட்டும் குளோன் வாங்குங்கள்.

கம்பெனிக்குப் போவதாக இருந்தால் எலி மட்டும் போதாது. மனித டி செல்லைத் தூண்டி வளர்ப்பது, லென்டிவைரஸால் சிஏஆர் (புற்றுச் செல்லை அடையாளம் காணும் செயற்கை ஏற்பி) ஏற்றுவது, கட்டிச் செல்லைக் கொல்லும் திறனை அளப்பது ஆகிய மூன்றும் கைவசம் இருக்கட்டும். ஆர் மொழியில் ஒற்றைச்செல் ஆர்என்ஏ தரவை நீங்களே அலசப் பழகினால் இரண்டு பாதையிலும் மதிப்பு. அதை இன்னொருவர் தலையில் கட்டினால் உங்கள் கட்டுரை அவர் நேரத்துக்குக் காத்துக் கிடக்கும்.

விசாவில் இரண்டாண்டு தாயக நிபந்தனை (ஜே-1 முடிந்ததும் ஊரில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பது) அச்சாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எந்த நாட்டின் எந்தத் துறையினருக்கு இந்த நிபந்தனை என்று சொல்லும் அமெரிக்கத் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. ஆனாலும் இந்திய அரசின் ஃபெல்லோஷிப்பில் வந்திருந்தால் நிபந்தனை தொடரும். அந்த இரண்டாண்டை ஊரில் கழிக்காமலோ விலக்கு வாங்காமலோ எச்-1பி வேலை விசாவும் கிரீன் கார்டும் கிடைக்காது. விலக்குக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அது கைக்கு வந்தபின் பொதுவாக ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது, ஆகவே நீட்டிப்பை முதலில் வாங்கிவிட்டு விலக்குக்கு எழுதுங்கள்.